வேல்ஸ்காரியின் முதல் ஆல்பத்தில் ஒரு ஆடு

எங்கள் கோயில் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னவர்கள், "ரெக்கார்டிங் வேலையில் உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்தது யார்?" என்று ஒரு கேள்வியையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். பெரிய பாடகர் ஒருவர் பேரைச் சொல்லி, அவர் கோபத்தைப் பற்றி நாலு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். எனக்குச் சிரமம் கொடுத்தது ஓர் ஆடு. கிடா. கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது.

இப்போது இந்தத் தொழிலில் இருக்கிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், பாட்டுக்குப் பின்னால் குரைத்த நாய் காணாமல் போய்விடுகிறது. எங்கள் காலத்தில் நாய் குரைத்தால் நாய் நிறுத்தும்வரை காத்திருப்போம். அதுதான் அன்றைய தொழில்நுட்பம்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. தாத்தா ரங்கூன், அதாவது இன்றைய யாங்கோன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அப்பா ரயில்வேயில் விளக்குத் துடைத்தார். நான் அதே ஊரில் லான்மடாப் பகுதியில் ஒரு கேசட் கடையில் சிக்கின நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே வந்த ஸ்டூடியோ முதலாளி ஊ சோ, நான் சுற்றுகிற பொறுமையைப் பார்த்து, "ஸ்டூடியோவுக்கு வா" என்றார். அதற்குப் பிறகு நான் வேறு எங்கும் வேலை செய்யவில்லை. வீட்டில் எனக்குப் பேர் மணி, ஸ்டூடியோவில் கோ மணி, தலை நரைத்ததும் ஊ மணி. பர்மியில் அண்ணன் வயதுக்காரருக்குக் கோ, பெரியவருக்கு ஊ. பதவி உயர்வு என்று கிடைத்தது அவ்வளவுதான்.

ஸ்டூடியோ பசுந்தாங்கில், ஓடைக்குப் பக்கத்துத் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. கீழே ஒரு லேத் பட்டறை. லேத் ஓடினால் எங்கள் மைக் நடுங்கும். அதனால் பட்டறைக்காரரோடு ஓர் ஒப்பந்தம்: நாங்கள் பால்கனியில் சிவப்புக் கைலி ஒன்றைத் தொங்கவிட்டால் அவர் லேத்தை நிறுத்துவார், உள்ளே இழுத்தால் ஓட்டுவார். பல வருஷம் இது சுமுகமாகப் போனது. ஒரு தரம் இரண்டாவது மாடி அம்மா தன்னுடைய சிவப்புக் கைலியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மழைக்காலம், துணி காயவேயில்லை. பட்டறைக்காரர் பாவம், அந்த முழுநாளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மேலே வந்து, "இவ்வளவு நீளமான பாட்டை யார் கேட்பாங்க?" என்று கேட்டார்.

கைலியைத் தொங்கவிட்ட பிறகு மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜைப் பிடுங்க வேண்டும், ஜன்னல்களுக்கு மெத்தை வைக்க வேண்டும். பழைய சமையலறைதான் பாடுகிற அறை. அதன் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம், எதிரொலி வராமல் இருக்க. கடைசியாக எல்லாரும் செருப்பைக் கழற்ற வேண்டும். பிறகு நான் சயாவைப் பார்ப்பேன்.

முதலாளிக்கும் ஆசானுக்கும் எங்கள் ஊரில் ஒரே சொல்தான், சயா. ஊ சோவுக்கு இரண்டுமே பொருந்தும். ரெக்கார்டிங் நடக்கும்போது அவர் மூங்கில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வாயில் வெற்றிலை இருக்கும், மெல்ல மாட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தால் அந்த டேக் தேறிவிட்டது என்று அர்த்தம். கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் தேத்தண்ணி குடிங்க" என்றால் தேறவில்லை, மறுபடி பாட வேண்டும். யாரையும் அவர் நன்றாகப் பாடவில்லை என்று சொன்னது கிடையாது. ஃபிளாஸ்கில் எப்போதும் வெறுந்தேத்தண்ணி நிறைந்திருக்கும். சாயங்காலம் ஒரு பாடகர் எத்தனை தரம் கழிப்பறைக்குப் போகிறார் என்பதை வைத்தே அன்றைக்கு வேலை எப்படி நடந்தது என்று சொல்லிவிடலாம் என்பேன் நான் என் மனைவியிடம். அவள் சிரிக்க மாட்டாள்.

வெளிநாட்டுக்காரர்கள் யாங்கோனுக்குக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த வருஷங்களில்தான் நியா எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியை. சிவந்த முடி, தோளில் கிட்டார். தன்னுடைய முதல் ஆல்பத்தை இங்கே ரெக்கார்டு செய்ய வேண்டும் என்றாள். கன்ட்ரி ராக்.

"இங்கிலாந்தா?" என்று சயா கேட்டார்.

"இங்கிலாந்து இல்லை. வேல்ஸ்."

"வேல்ஸ் இங்கிலாந்துலதானே இருக்கு?"

அவள் முகம் முடி நிறத்துக்கு வந்தது. தனி நாடு, தனி மொழி, பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினாள். நான் பர்மியில் சொன்னேன். சயா யோசித்து, "நம்ம மோன்காரங்க மாதிரி" என்றார். மோன் மக்களுக்கும் பர்மாவுக்குள்ளேயே தனி மாநிலம், தனி மொழி என்று நான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். "ஆமாம், அதேதான்" என்றாள் நியா. அந்த நிமிஷத்திலிருந்து இருவருக்கும் நல்ல ஒட்டுதல்.

கன்ட்ரி ராக் என்றால் அமெரிக்காவில் குதிரைக்காரர்கள் பாடுகிறதல்லவா, உனக்கென்ன அதில் என்று நான் கேட்டேன். "எங்க ஊர்லயும் மலை இருக்கு, மழை இருக்கு, லாரி இருக்கு, ஆடு இருக்கு, விட்டுட்டுப் போற ஆம்பளைங்களும் இருக்காங்க. வேற என்ன வேணும் ஊலே?" என்றாள். 'ஊலே' என்றால் மாமா மாதிரி. பர்மியில் அவள் நன்றாகக் கற்ற ஒரே சொல்.

முதல் நாள் முழுக்கச் சயாவின் ஏற்பாடு அவளுக்குப் புரியவில்லை. பாடி முடித்தாள், தேத்தண்ணி வந்தது. மறுபடி பாடினாள், மறுபடி வந்தது. சாயங்காலம் என்னிடம், "இவ்வளவு உபசாரம் பண்ற ஸ்டூடியோவை நான் பார்த்ததே இல்லை" என்று நெகிழ்ந்து சொன்னாள். எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் டிரம்ஸ் வாசிக்க வந்தவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவளே பாதிப் பாட்டில் நிறுத்தி, தானே ஊற்றிக் குடித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து பாடுவாள்.

அவள் பாட்டுக்கெல்லாம் மடியில் வைத்து இரும்பால் இழுத்து வாசிக்கிற கிட்டார் வேண்டும். அழுகிற மாதிரி ஒலி. அமெரிக்காவில் அதற்குக் கால்மிதி வைத்த பெரிய கருவி உண்டாம். சயா கண்ணை மூடி, "ஊ ஹ்லா" என்றார்.

ஊ ஹ்லா எங்கள் ஊரின் பழைய பாட்டுகளுக்கும் பகோடாத் திருவிழாக்களுக்கும் வாசிக்கிறவர். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். அவர் மடியில் கிட்டாரை வைத்து இரும்பை ஒரு தரம் மேலே இழுத்தார், நியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதுதான், இதுதான்" என்றாள். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அர்த்தம் தெரியாத பாட்டுக்கு வாசிக்க மாட்டார். ஒவ்வொரு பாட்டையும் நான் வரிவரியாகப் பர்மியில் சொல்ல வேண்டும்.

மழையைப் பற்றிய பாட்டுக்குத் தலையாட்டினார். லாரிக்காரனைக் காதலிக்கிற பாட்டு வந்ததும் நிறுத்தினார்.

"அந்த லாரிக்காரனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"தெரியலை."

"கேளுங்க."

கேட்டேன். நியா அதுவரை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, "ஆகலை" என்றாள். ஊ ஹ்லா இரும்பை எடுத்தார். அப்படி வாசித்தார், கல்யாணம் ஆகாத லாரிக்காரன் நேரில் வந்து நின்றான்.

கடைசிப் பாட்டில்தான் வந்தது வம்பு. அந்தப் பாட்டு அவள் சின்ன வயதில் வளர்த்த செம்மறிக்கடாவைப் பற்றியது. கடாவின் பேர் டாய். அவர்கள் ஊரில் அது சாதாரணமாக ஆம்பிள்ளைகளுக்கு வைக்கிற பேராம். பல்லவியில் 'டாய், டாய், டாய்' என்று மூன்று தரம் வரும். தமிழ்க் காதுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் தரம் ஹெட்போனில் கேட்டபோது நான் என்ன தப்புச் செய்தேன் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

பாட்டின் முடிவில் அப்பா டாயைக் கசாப்புக்காரனுக்கு விற்றுவிடுகிறார். வேன் கதவு மூடுகிறது, டாய் திரும்பிப் பார்க்கிறது, அந்த வாரமே பெண்ணுக்குப் புதுக் கிட்டார் வருகிறது. நான் இதைச் சொல்லி முடித்ததும் ஊ ஹ்லா கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"இதுக்கு நான் வாசிக்க மாட்டேன்."

"நடந்ததைத்தானே பாடறேன்" என்றாள் நியா.

"நடந்தது வேற. அதைப் பாட்டாப் போட்டு ஊரே காலைத் தட்டி ஆடறது வேற. கொலைக்கு ஓர் உயிரை வித்த பாட்டுல என் கை பட்டா எனக்கும் அதுல பங்கு. கடைசியில கதவைத் திறந்து விட்டுட்டாங்கன்னு மாத்திப் பாடச் சொல்லுங்க."

"அது பொய்" என்றாள். "பொய் சொல்லிப் பாட மாட்டேன்."

பெண்கள் பேருக்கு முன்னால் மா போடுகிற பர்மிய வழக்கப்படி அவளை நாங்கள் மா நியா என்றுதான் கூப்பிடுவோம். வேகமாகச் சொன்னால் பர்மியில் அது 'பொய் சொல்வதில்லை' என்பது போலக் காதில் விழும். சயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெற்றிலையை வைத்துச் சமாளித்தார். ஆனால் நியா அழுதுகொண்டிருந்தாள். விசா முடியச் சில நாள்தான் இருந்தது. வேறு கிட்டார்க்காரர் கிடையாது. அது மட்டுமில்லை. டாய் போன வாரம் வந்த அந்தக் கிட்டாரைத்தான் இன்னும் தோளில் மாட்டியிருந்தாள். "ஒவ்வொரு தரம் இதை எடுக்கும்போதும் டாய் ஞாபகம் வரும். இந்தப் பாட்டைப் பாடத்தான் ஆல்பமே போடறேன்" என்றாள்.

நான் இதைப் பர்மியில் சொன்னேன். ஊ ஹ்லா அவள் தோளிலிருந்த கிட்டாரைப் பார்த்தார். பிறகு, "பாட்டு அப்படியே இருக்கட்டும். அந்த உயிருக்குப் பதிலா ஓர் உயிரை விடுதலை பண்ணி, புண்ணியத்தை அதுக்குக் கொடுக்கட்டும். அப்புறம் வாசிக்கிறேன்" என்றார். மீனை ஆற்றில் விடுவது, குருவியைக் கூண்டிலிருந்து விடுவது எல்லாம் எங்கள் ஊரில் சாதாரணம். நியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கே வாங்கறது?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை நானும் அவளும் ஊ ஹ்லாவும் மிங்கலா தாங்ஞுன்ட் போனோம். அங்கே சந்தைக்குப் பின்னால் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த காதர் பாய் எனக்குப் பழக்கம்.

"பாய், ஓர் ஆடு வேணும்."

"எத்தனை பேருக்கு?"

"சாப்பிட இல்ல பாய். விடறதுக்கு."

"எங்க விடறதுக்கு?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் புத்த மடத்துல."

"சரி. தலை, தோலெல்லாம் இங்கயே வச்சுக்கவா?"

"அதுவும் ஆட்டோடவே போகும் பாய். முழுசா, உயிரோட."

காதர் பாய் என்னை ஒரு தரம், வெள்ளைக்காரியை ஒரு தரம் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் ஓர் ஆட்டின் தொடையை அமுக்கி, "நல்ல இளங்கறி" என்று கொண்டுவந்து நிறுத்தினார். நியா அதன் முன்னால் குனிந்து, "டாய்" என்றாள்.

"யாரைம்மா டாய்ங்கிற?" என்றார் பாய்.

அவரைச் சமாதானம் செய்துவிட்டுத் திரும்பினால் நியா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊலே, இது வெள்ளாடு. டாய் செம்மறி."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பர்மியில் இரண்டுக்கும் தனித்தனிப் பேர். நான் தமிழில் யோசிக்கிறவன், எனக்கு இரண்டும் ஆடு. பாட்டு முழுக்க ஊ ஹ்லாவுக்கு வெள்ளாட்டையே சொல்லியிருக்கிறேன். செம்மறிக்கு யாங்கோனில் எங்கே போவது? ஊ ஹ்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"உயிருக்கு உயிர். ரோமத்துக்கு ரோமம் யாரும் கேக்கலை."

சைக்காவில், அதாவது பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில், நியா உட்கார, ஆடு அவள் மடியில் உட்கார, வந்து சேர்ந்தோம். மடத்துக்குப் போன் செய்தால், இன்று அன்னதானக் கூட்டம், நாளைக் காலை கொண்டுவாருங்கள் என்றார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. லேத் பட்டறையில் கட்டலாம் என்று பார்த்தேன். பட்டறைக்காரர் சம்மதிப்பதற்குள் அது அவருடைய கையுறையில் ஒன்றைத் தின்றுவிட்டது. ஆகவே ஆடு நாலு மாடி ஏறியது. எங்களைவிட வேகமாக ஏறியது.

"மடத்துக்கு இன்னும் போகலையே, இன்னிக்கு வாசிக்கலாமா?" என்று ஊ ஹ்லாவைக் கேட்டேன்.

"வாங்கின நிமிஷமே அது விடுதலை ஆயிடுச்சு. மத்ததெல்லாம் வண்டி விஷயம்" என்றார். நியாவின் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, எங்கோ வேல்ஸ் மலையில் இருந்த ஆட்டுக்குப் புண்ணியத்தைப் பங்கு வைத்தார். நன்று என்ற பொருளில் நாங்கள் 'சாது, சாது, சாது' என்றோம். ஆடு என் ஹெட்போன் வயரை மோந்து பார்த்தது.

கதவு உள்ள அறைகள் இரண்டுதான், கழிப்பறையும் பாடுகிற அறையும். கழிப்பறையில் அடைத்தோம், கொலை நடப்பது மாதிரிக் கத்தியது. நியாவோடு பாடுகிற அறையில் விட்டால் கப்சிப். சரி, அங்கேயே இருக்கட்டும் என்று கைலியைத் தொங்கவிட்டேன்.

நியா பாடினாள். "டாய், டாய், டாய்" என்றாள். "மே" என்றது ஆடு.

"கொஞ்சம் தேத்தண்ணி குடிங்க" என்றார் சயா, கண்ணைத் திறக்காமல்.

மறுபடி பாடினாள், ஆடு மறுபடி பதில் சொன்னது. பாட்டின் மற்ற இடங்களில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது டாய் முடிந்ததும், ஊ ஹ்லாவின் கிட்டார் நுழைய வேண்டிய இடைவெளியில், சரியாக ஒரு 'மே'. மைக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஆட்டுக்குக் கீரை கொடுத்துப் பார்த்தேன். வாயில் கீரையை வைத்துக்கொண்டே சொன்னது. கீரை தீர்ந்ததும் சுவரிலிருந்த முட்டை அட்டைகளைத் தின்ன ஆரம்பித்தது. ஃபிளாஸ்க் காலி ஆகிவிட்டது. நியா கழிப்பறைக்குப் போன நேரத்தில் நான் சயாவிடம், "நாளைக்கு ஆடு போன பிறகு எடுக்கலாமே" என்றேன்.

"நாளைக்கு மடத்துக்கு ஊ ஹ்லாவும் போறார். அப்புறம் மாண்டலேவுக்கு ரயில் ஏறுறார். அவர் திரும்பி வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடும்" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் கவலையைக் கேட்டேன்.

ஊ ஹ்லா கிட்டாரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இரும்பை மெல்ல இழுத்து இழுத்து ஓர் இடத்தில் நிறுத்தினார். அது 'மே'. அச்சு அசல் அதே சுரம். "இப்ப பாடச் சொல்லுங்க" என்றார்.

நியா பாடினாள். மூன்றாவது டாய் வந்தது, ஆடு கத்தியது. அதன் குரல் முடிகிற இடத்தை ஊ ஹ்லாவின் இரும்பு பிடித்துக்கொண்டது, பிடித்து மேலே மேலே கொண்டுபோனது. ஆட்டின் கத்தல் எங்கே முடிந்தது, கிட்டார் எங்கே தொடங்கியது என்று இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. பாதி அட்டை போய்விட்ட அறையில் நியாவின் குரலுக்கு ஒரு பள்ளத்தாக்கின் எதிரொலி வந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் சயாவின் கண்கள் திறந்திருந்தன. வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கே பிற்பகலில், வேல்ஸில் காலை நேரம், நியா தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் இன்னும் அந்தப் பண்ணையில்தான் இருந்தார். பாட்டை ஸ்பீக்கரில் போட்டு, போனை அதன் முன்னால் பிடித்தாள். இந்த விஷயத்தை அவள் அப்பாவிடம் இதுவரை பேசியதே இல்லையாம். பாட்டு முடிந்தது. பிறகு ஒரு கரகரத்த குரல் வந்தது.

"அது யாரோட வெள்ளாடு?"

"அப்பா, பாட்டு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஆனா டாயைக் கசாப்புக்குக் கொடுத்ததா உனக்கு யார் சொன்னா?"

நியா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்தேன். அவங்களுக்கு ஒரு கடா வேணும்னாங்க. அவன் அங்க ராஜா மாதிரி இருந்து, கிழவனாகி, தூக்கத்துல செத்தான். இந்தப் பக்கத்து ஆட்டுல பாதி அவன் மூஞ்சிதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலையே."

நியா சுவரில் சாய்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நான் எல்லாவற்றையும் பர்மியில் சொல்லி முடித்தேன். சயா மேலே பார்த்தார். பொய் பாட மாட்டேன் என்று அடம் பிடித்தவள் பாடியது பொய். கதவைத் திறந்து விடச் சொன்ன ஊ ஹ்லாவின் முடிவுதான் உண்மைக்குப் பக்கம். கடைசி வரிகளைத் திருத்திப் பாட வேண்டும் என்றாள் நியா. ஊ ஹ்லா மாண்டலே பயணத்தை ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றார், அவ்வளவுதான்.

நியாவுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. "டாயைக் கொல்லவே இல்லைன்னா, இந்த ஆட்டை விட்டது வீண்தானா? கேளுங்க ஊலே."

கேட்டேன். ஊ ஹ்லா கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, "எங்கிட்ட ஏன் கேக்குது? ஆட்டைக் கேக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை நியாவும் ஊ ஹ்லாவும் ஓடையைக் கடந்து மடத்துக்கு ஆட்டைக் கொண்டுபோனார்கள். மதியத்துக்குமேல் கடைசி வரிகளைத் திருத்திப் பாட நியா திரும்பி வந்தாள், முழங்கால்வரை சேறு. கூடவே வந்த ஊ ஹ்லா கிட்டாரை மடியில் வைத்துத் தயாரானார். நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

"ஆட்டைக் கேட்டியா? என்ன சொல்லுச்சு?" என்றேன்.

"மென்னுக்கிட்டே இருந்துச்சு ஊலே. பதில் சொல்ல நேரமில்லை."